சூரியனைத் திட்டினவள்

என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குதுல்ல? பஸ் ஏறினதுலேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்க்கறீங்களே, கவனிச்சேன். பார்த்திருப்பீங்கம்மா. செல்போன்லதான். பட்டிமன்றம் ஓடிக்கிட்டிருக்கும், ஒருத்தர் மேடையில பொண்டாட்டியைப் பத்திக் கிண்டலா அளந்துக்கிட்டிருப்பாரு, கேமராக்காரன் சடார்னு முன்வரிசைக்குத் திருப்புவான். அங்க குண்டா ஒரு அம்மா, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பா. அது நான்தான். பேரு மங்கையர்க்கரசி. பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. தோசைக்கல் அம்மான்னு சொல்லுங்க, ஊருக்கே தெரியும்.

சிரிங்க சிரிங்க, பரவாயில்லை. பழகிப்போச்சு.

இதோ நமக்கு முன் சீட்டுல, மூஞ்சியில ஈரத்துண்டைப் போட்டுக்கிட்டுச் சாய்ஞ்சிருக்காரே, அவருதான் 'சிரிப்பலை' சிவபாதம். எங்க வீட்டுக்காரர். மேடை இருக்கற அன்னைக்குப் பஸ்ஸுல ஏறினதும் தூங்கிடுவாரு. தொண்டைக்கு ஓய்வு குடுக்கறாராம். இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டாரு, அந்தத் தைரியத்துலதான் உங்ககிட்ட வாயைத் திறக்கறேன். இல்லைன்னா நான் எங்க பேசறது, பேசறதுக்குன்னு வீட்டுல ஒருத்தர் இருக்கும்போது.

'எங்க வீட்டுத் தோசைக்கல் சூடானா எனக்கு ஒரு தோசை கிடைக்கும், எங்க வீட்டம்மா சூடானா அந்த ஒண்ணும் கிடைக்காது.' இதை என்னைக்கோ ஒரு நாள் சொன்னாரு. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அன்னையிலேர்ந்து எந்த ஊர் மேடையானாலும் தோசைக்கல் வந்துடும். கமிட்டிக்காரங்க எனக்கு முன்வரிசையில நாற்காலி போடறதே அதுக்குத்தாம்மா. கட்டின பொண்டாட்டியே சிரிக்கறாளே, நாம சிரிச்சா என்ன தப்புன்னு சனத்துக்கு ஆயிடும்ல? நான் சிரிச்சு ஆரம்பிச்சு வெக்கணும். வெச்சுடுவேன். வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுக்கிட்டு அழுத காலமெல்லாம் உண்டு. அது முன்னாடி. இப்ப அதெல்லாம் இல்லை.

எங்க போறோம்னா கேக்கறீங்க? நல்லேரி. ஆடித் திருவிழா. இன்னைக்குத் தலைப்பு, 'புவி சூடாவதற்குப் பெரிதும் காரணம் இயற்கையா, மனிதனா'. ஆமாம்மா, கோயில் திருவிழாவுலதான். முன்னெல்லாம் மாமியாரா மருமகளா, பணமா பாசமான்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. இப்ப வெயில் அடிக்கிற அடியில இந்தத் தலைப்புக்குத்தான் கிராக்கி. சித்திரையிலேர்ந்து ஊர் ஊரா இதைத்தான் பேசிக்கிட்டிருக்காங்க.

இதுவரைக்கும் இவரு இயற்கைக் கட்சி. இன்னைக்கு மட்டும் மனுஷன் கட்சி. அதுல ஒண்ணும் இல்லை, கட்சியை நாங்களா எடுக்கறோம்? நடுவர் ஐயா பிரிச்சுக் குடுப்பாரு, குடுத்த கட்சிக்குப் பேசணும். நேத்து ஒரு ஊர்ல பெண்தான் உசத்தின்னு பேசிட்டு, இன்னைக்கு ஆண்தான் உசத்தின்னு பேசணும். அதுதான் தொழில். வக்கீலுக்கு இல்லையா அது மாதிரி.

பாயிண்ட் எல்லாம் யாரு எடுத்துக் குடுக்கறதுன்னு நினைக்கறீங்க? நான். நான் பூகோள டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவம்மா. இவரு பேங்குல இருந்தாரு. இவருக்குப் பனியுகம்னா என்ன தெரியும், குல்பி ஐஸ்தான் தெரியும். இயற்கைக் கட்சிக்குப் பாயிண்ட் அத்தனையும் நான் குடுத்தது. பூமி ஒரு காலத்துல பனியா உறைஞ்சு கிடந்துச்சு, அப்புறம் தானாச் சூடாச்சு, அப்ப எந்த மனுஷன் கார் ஓட்டினான்? பூமி சாய்ஞ்சு சுத்துது, அந்தச் சாய்வு காலத்துக்குக் காலம் மாறுது. எரிமலை புகையைக் கக்குது. சூரியன்ல கரும்புள்ளி வருது, போகுது. ஒவ்வொண்ணும் கைதட்டல் வாங்குற பாயிண்ட்டு.

அதுக்குப் பதில் எனக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? நல்லாத் தெரியும். பனியுகம் வர்றதுக்கும் போறதுக்கும் ஆயிரக்கணக்குல வருஷம் ஆகும், இப்ப நடக்கறது நம்ம கண்ணு முன்னாடி நடக்குது. எரிமலை விடற கரியமில வாயு, மனுஷன் விடறதுல நூத்துல ஒரு பங்கு வராது. சூரியன் பாவம், அது எப்பவும் காயற மாதிரிதான் காயுது. கரிப்புகையால பூமிக்குப் போர்வையைப் போர்த்தினது நாமதான். உலகத்துல இதைப் படிச்ச விஞ்ஞானிங்க அத்தனை பேரும் அதைத்தான் சொல்றாங்க, அதுல சண்டையே இல்லை. வகுப்புல பிள்ளைங்களுக்கு அப்படித்தான் நடத்தினேன். ஆனா பட்டிமன்றம்னா ரெண்டு கட்சி வேணும்ல? பதிலை எதிர்க்கட்சிக்காரன் தேடிக்கட்டும், அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பால்ல. அப்படித்தான் நினைச்சுக்குவேன்.

இந்தச் சன்னல் கம்பி கொதிக்குது பாருங்க, கையை வெக்காதீங்க.

ஓடைப்பாக்கம் கேள்விப்பட்டிருக்கீங்களா? இந்த ரூட்டுலதான், உள்ளே தள்ளிப் போகணும். ஊரைச் சுத்திச் செங்கல் சூளை. சித்திரையில அந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்குத்தான் முதல் முதல்ல இந்தத் தலைப்புல பேசப் போனோம். பெரிய சூளைக்காரர் தணிகாசலம்னு, அவருதான் விழாக் கமிட்டித் தலைவர். அவர் வீட்டுலதான் எங்களுக்குச் சாப்பாடு, ஓய்வு எல்லாம். வீட்டு வாசல்ல மணலும் கம்பியும் குவிஞ்சு கிடந்துச்சு. மேல மாடி எழுப்பறாங்க.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் இவரு முன்பக்கம் ஆம்பளைங்களோட காபி குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. நான் நேராச் சமையக்கட்டுக்குப் போயிடுவேன். வெங்காயம் உரிக்கறேன், தேங்காய் துருவறேன்னு உட்கார்ந்து, ஊர்ச் சேதி ஒண்ணு ரெண்டு பிடிச்சுக்கிட்டு வந்துடுவேன். அதை இவரு மேடையில சேர்த்துக்குவாரு. 'அடேயப்பா, நம்ம ஊர் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்?'னு சனம் அசந்து போயிடும். வெளியூர்க்காரன் கூட அந்த நிமிஷத்துலேர்ந்து சொந்தக்காரன். ஆனா பேரு மட்டும் சொல்ல மாட்டாரு. 'இந்த ஊர்ல ஒரு பெரியவர்', 'இந்த ஊர்ல ஒரு தாய்' அவ்வளவுதான். பேரைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்தக் கூடாதுங்கறது எங்க கொள்கை.

அன்னைக்குத் தணிகாசலத்தோட சம்சாரம் சகுந்தலாதான் வடை சுட்டுக்கிட்டிருந்தாங்க. வெயிலைப் பத்திப் பேச்சு வந்துச்சு. தலைப்பு அதானே, நானே இழுத்து விட்டேன். 'வெயிலுக்கு உங்க ஊர்ல என்னம்மா பண்றீங்க?'ன்னேன்.

'நாங்க இன்னா பண்றது. எங்க சூளையில ஒருத்தி இருக்கா, அவதான் பண்றா'ன்னாங்க. சொல்லும்போதே பக்கத்துல உளுந்து அரைச்சுக்கிட்டிருந்த பொண்ணுங்க சிரிக்க ஆரம்பிச்சுதுங்க. 'பூங்காவனம்னு பேரு. உச்சி வேளை ஆச்சுன்னா களத்து நடுவுல வந்து நிப்பா. சூரியனைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டுவா. ஒனக்குக் கண்ணில்லையா, ஒனக்கு ஈரமில்லையா, நீ நல்லா இருப்பியான்னு. கையில களிமண்ணை உருட்டி மேல வேற வீசுவா. அது அவ தலையிலேயே வந்து விழும்.'

நான் சிரிச்ச சிரிப்புக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வெங்காயம் வேற. சகுந்தலா சட்டியைப் பார்த்துக்கிட்டே, 'மாடி மேல மாடி கட்டறியே, அதுல படுக்க ஒனக்குக் குடுத்து வெக்காதுன்னு கூடச் சொல்றா. சூரியன் எங்கம்மா மாடி கட்டுது?'ன்னாங்க. அதைச் சொல்லும்போது அவங்க மட்டும் சிரிக்கலை. கரண்டியோட என்னையே பார்த்தாங்க. நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

ஏன் திட்டறான்னு கேக்கணும்ல? ஏன்னு ஒரு வார்த்தை. காலம் பூரா பிள்ளைங்ககிட்ட 'ஏன்னு கேளு, ஏன்னு கேளு'ன்னு மேசையைத் தட்டினவ நான். கேக்கலைம்மா. எனக்குச் சேதி கிடைச்சுடுச்சு, கையைக் கழுவிக்கிட்டு எழுந்து வந்துட்டேன்.

இவர்கிட்ட வந்து சொன்னேன். துள்ளிக் குதிச்சாரு. மாடி சமாச்சாரத்தைச் சொல்லலை. அது பாயிண்ட்டோட ஒட்டலை. ஒட்டாததை வெட்டித் தள்ளறதுதான் என் வேலையே, அதுல நான் கெட்டிக்காரி.

சாயங்காலம் மேடை. முன்னாடி நன்கொடை குடுத்தவங்களுக்கு நாற்காலி, நடுவுல ஊர்க்காரங்க பாய்ல, கடைசியில ஒலிபெருக்கிக்குப் பக்கத்துல சூளைச் சனம் தரையில. அந்தப் பக்கம் பார்த்தா சூளைப் புகைபோக்கி அது பாட்டுக்குப் புகைஞ்சுக்கிட்டிருக்கு. இவரு எழுந்தாரு. முதல்ல தோசைக்கல். நான் சிரிச்சேன். அப்புறம் பனியுகம், எரிமலை. அப்புறம் தண்ணி குடிச்சாரு. தண்ணி குடிச்சாருன்னா பெரிய வெடி வருதுன்னு அர்த்தம்.

'நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் கரியமில வாயு, கரியமில வாயுங்கறாரு. பெரிய பெரிய விஞ்ஞானியெல்லாம் பூதக்கண்ணாடியை வெச்சுக்கிட்டுக் குற்றவாளியைத் தேடிக்கிட்டிருக்கான். ஆனா ஒரு ராக்கெட்டு விடாம, ஒரு ஆராய்ச்சி பண்ணாம, இதே ஓடைப்பாக்கத்துல ஒரு தாய் குற்றவாளியைக் கண்டுபிடிச்சுட்டாங்க! உச்சி வெயில்ல நின்னு, அண்ணாந்து பார்த்து, நேருக்கு நேராக் கேக்கறாங்க, உனக்குக் கண்ணில்லையான்னு! யாரை? மனுஷனையா? இல்லை நடுவர் அவர்களே. சூரியனை! பாதிக்கப்பட்டவங்களே சாட்சி சொல்லிட்டாங்க, குற்றவாளி இயற்கைதான்!'

அப்பப்பா, என்ன சிரிப்புங்கறீங்க. தணிகாசலம் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கறாரு. எல்லார் தலையும் பின்னாடி திரும்புது. 'எந்திரி, எந்திரி'ன்னு பாய்ல இருந்த வாலிபப் பசங்க சத்தம் போட்டாங்க. கேமராக்காரன் சும்மா இருப்பானா, திருப்பிட்டான். மேடைக்குப் பக்கத்துல பெரிய திரை வெச்சிருந்தாங்க. அதுல அவ மூஞ்சி வந்துச்சு. எழுந்து நின்னுட்டா. ஒல்லியா, தலையில துண்டைச் சுத்திக்கிட்டு, பக்கத்துல ஒரு பொம்பளைப் பிள்ளை அவ புடவையைப் பிடிச்சுக்கிட்டு. அவ மேடையைப் பார்க்கலைம்மா. இவரைப் பார்க்கலை. முன்வரிசையைப் பார்த்தா. அப்புறம் சிரிச்சா.

இப்ப ஒண்ணு சொல்றேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? இத்தனை வருஷத்துல முதல் தடவையா, திரையில என் மூஞ்சி இல்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கலை, இன்னொருத்தியைப் பார்த்துச் சிரிக்கறாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. முந்தானையை வாய்க்குக் கொண்டு போகாம, வாய்விட்டுச் சிரிச்சேன். கைதட்டினேன். எழுந்து நிக்க வெச்சு ஒருத்தியைப் பார்த்துச் சிரிச்சா அவளுக்கு எப்படி இருக்கும்னு உலகத்துல வேற யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியணும்ல? எனக்கே தெரியலையே. நினைச்சா உடம்பெல்லாம் கூசுதும்மா.

பின்வரிசையில மட்டும் ஒருத்தரும் சிரிக்கலை. மைக் செட்டு சரியில்லை போல, கடைசி வரைக்கும் கேக்கலைன்னு நினைச்சேன். ஒலிபெருக்கிக்குப் பக்கத்துலேயே உட்கார்ந்திருக்கறவங்களுக்கு எப்படிம்மா கேக்காமப் போகும்? அது அப்ப எனக்குத் தோணலை.

தீர்ப்பா? நடுவர் ஐயா கெட்டிக்காரர். சூளைக்காரர் ஊர்ல போய் மனுஷன்தான் காரணம்னு சொல்லிட்டு வர முடியுமா? 'மனிதனும் இயற்கையின் ஒரு பகுதிதானே, ஆகவே இயற்கையே'ன்னு முடிச்சாரு. தணிகாசலம் இவருக்குப் பொன்னாடை போத்தினாரு.

மறுநாள் காலையில கிளம்பினோம். இவரும் நடுவரும் டீக்கடையில நின்னுட்டாங்க. நான் பஸ் நிக்கற புளியமரத்தடிக்கு முன்னாடி வந்துட்டேன். சூளைக்குப் போற மண் பாதை அங்கதான் சேருது. பார்த்தா அவ நிக்கறா. பூங்காவனம். காத்துக்கிட்டு நிக்கறான்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. சண்டைக்கு வந்திருக்கா, சூரியனையே விடாதவ என்னை விடுவாளான்னு நினைச்சேன். மன்னிப்புக் கேட்டுடலாம்னு வாயை எடுத்தேன்.

அவ என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. உள்ளங்கையெல்லாம் களிமண் காய்ஞ்சு வெடிச்சிருக்கு. 'நீங்கதானே சாரு வூட்டம்மா? நல்லா இருக்கணும் நீங்க. சாரு எம்மாம் நல்ல வார்த்த சொன்னாரு. அவருகிட்ட சொல்லுங்க, பூங்காவனம் கும்பிட்டான்னு.'

'என்னம்மா நல்ல வார்த்தை? உன்னைப் பத்தித்தானே சிரிச்சாங்க'ன்னேன்.

'சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க'ன்னா. அப்புறம் பாதைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டுச் சொன்னா. அவ வீட்டுக்காரன் கன்னியப்பன், அதே சூளையில செங்கல் சுமந்தவன். போன வருஷம் கத்திரி வெயில்ல, வேக வெச்சு எடுத்த சூட்டுக் கல்லை லாரிக்கு ஏத்திக்கிட்டிருந்திருக்கான். தலை சுத்துது, கொஞ்சம் படுத்துட்டு வரேன்னு கேட்டானாம். லாரி போனதும் படுத்துக்கன்னாராம் முதலாளி. லாரி போறதுக்குள்ள இவன் போயிட்டான். மாரடைப்புன்னு சொல்லி எடுத்துட்டாங்க. இவளும் பிள்ளையும் இன்னும் சூளைக் குடிசையிலதான் இருக்காங்க. வேற போக்கிடம் இல்லை.

'உச்சி வேளை ஆனா எனக்குத் தாங்காதும்மா. வவுறு எரியும். கத்திடுவேன். கத்தாம இருந்தா செத்துடுவேன்'ன்னா. 'முதலாளியம்மா ஒரு நாளு கூப்பிட்டுக் கேட்டாங்க, யாரைடி திட்றன்னு. சூரியனத்தாம்மான்னேன். நம்பல. இந்த வாயி அடங்கலன்னா புள்ளயக் கூட்டிக்கினு கெளம்புன்னுட்டாங்க. பயந்துக்கினே இருந்தேன். நேத்து சாரு மைக்குல சூரியனத்தான் திட்றான்னு சொன்னாரா, நா மொதலாளியத்தான் பாத்தேன். சிரிச்சாரு. வயிறு குலுங்கச் சிரிச்சாரும்மா. இனிமே பயமில்ல.'

நான் டீச்சர் பாருங்க, அப்பவும் புத்தி போகலை. 'அப்ப நிஜமா யாரைத்தாம்மா திட்டற?'ன்னு கேட்டேன்.

அவ என் கையை விட்டுட்டா. என் மூஞ்சியை நல்லாப் பார்த்தா. 'அதான் சாரு சொல்லிட்டாரே, சூரியனத்தான்'னா. 'மறுக்கா இந்தப் பக்கம் பேச வந்தாலும் இதையே சொல்லச் சொல்லுங்க.' சொல்லிட்டு வேகு வேகுன்னு நடந்துட்டா. பஸ் வர்ற வரைக்கும் அந்தப் புளியமரத்தடியில நின்னேன் பாருங்க, அந்த மாதிரி வெக்கப்பட்டு நான் ஒரு நாளும் நின்னதில்லை. அவ என்னைத் திட்டியிருந்தா மூக்கைச் சிந்திப் போட்டுட்டு மறந்திருப்பேன். கும்பிட்டுட்டுப் போயிட்டாளே.

மாடி மேல மாடின்னு அவ சொன்னது அப்பத்தான் எனக்கு உறைச்சுது. சூரியனுக்கு எதுக்கும்மா மாடி. நான் வெட்டித் தள்ளின அந்த ஒரு வரியிலதான் விஷயமே இருந்துச்சு. வாசல்ல கிடந்த கம்பியில நானே கால் தடுக்கித்தானே உள்ளே போனேன்.

இவர்கிட்ட சொன்னேனான்னு கேக்கறீங்க. இல்லை. எப்படிச் சொல்றது? இவரு கெட்டவர் இல்லைம்மா, தப்பா நினைச்சுடாதீங்க. இளகின மனசு. சொன்னா அழுவாரு. நிஜமாவே அழுவாரு. அழுது முடிச்சதும் அதை மேடைக்குத் தூக்கிட்டுப் போயிடுவாரு. இவருக்குச் சிரிப்பும் அழுகையும் எல்லாம் மேடைக்குத்தான். அதனால நான் வாயை மூடிக்கிட்டேன்.

சித்திரையிலேர்ந்து ஊர் ஊராச் சூரியனைத் திட்டின தாய்தான். எந்த ஊர்ல பேசினாலும் 'பக்கத்து ஊர்ல ஒரு தாய்'னு ஆரம்பிப்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க, கேமரா என் பக்கம் திரும்பும், நானும் சிரிக்கணும். ஒவ்வொரு தடவையும் அவளை எழுப்பி நிக்க வெச்சுச் சிரிக்கற மாதிரி இருக்கும். எடுத்துடுங்களேன்னு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். 'ஏன், தோசைக்கல்லை விட அதுக்குக் கைதட்டு ஜாஸ்தியா இருக்கேன்னு பொறாமையா?'ன்னு கேட்டாரு. அவளும் இதையே சொல்லச் சொன்னாளேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அது அவளுக்கு ஒரு காவல்தானே. அப்படித்தானேம்மா?

ஆனா இன்னைக்குத்தான் பயமா இருக்கு. இன்னைக்கு இவரு மனுஷன் கட்சி. நல்லேரி யாரு ஊருங்கறீங்க? சகுந்தலா பிறந்த ஊரு. திருவிழாவுக்குத் தணிகாசலம்தான் சிறப்பு விருந்தினர், முன்வரிசையில நடு நாற்காலி அவருக்கு. நேத்து இவரு என்கிட்ட, 'மங்கை, இயற்கைக்குச் சிரிப்புச் சரியா இருந்துச்சு. மனுஷன் கட்சிக்குச் சிரிப்புப் பத்தாது, அழ வெக்கணும். கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒண்ணு குடு'ன்னாரு. பனிக்கரடி நிக்க இடமில்லாம நீந்தி நீந்திச் சாகுதுன்னு ஒண்ணு எழுதிக் குடுத்தேன். 'பனிக்கரடிக்கு நல்லேரியில எவன்டி அழுவான்? நம்ம பக்கத்து ஆளா ஒண்ணு சொல்லு'ன்னாரு. ஒண்ணும் இல்லைங்க, கிடைக்கலைங்கன்னுட்டேன்.

கையில வெச்சுக்கிட்டே இல்லைன்னேன் பாருங்க. கல்யாணம் ஆன நாளா இவருக்கு ஒரு பாயிண்ட் நான் மறைச்சதில்லை. இதைத்தான் மறைச்சிருக்கேன். அந்தப் பொம்பளைக்கு நான் பண்ண உபகாரம்னா இந்த ஒண்ணுதான், வாயைத் திறக்காம இருந்தேனே அது. உசிரு போனாலும் ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு...

என்னம்மா? ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

ஆமா. உங்ககிட்ட சொல்லிட்டேன்ல. ஊர் பேரு, அவ பேரு, செத்தவன் பேரு, முதலாளி பேரு எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்க எந்த ஊர்னு கூடக் கேக்கலையே நான். நீங்க நல்லேரிக்காரங்க இல்லையே? இல்லைல்ல? சகுந்தலாவுக்குச் சொந்தம் ஒண்ணும் இல்லையே? தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துல யாராவது உட்கார்ந்துட்டா என்னால பேசாம இருக்க முடியாது, சமையக்கட்டுல உட்கார்ந்து பழகின வாய். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. உங்க பிள்ளைங்க நல்லா இருக்கும்.

என்னங்க? முழிச்சுட்டீங்களா? தண்ணி வேணுமா?

...

எப்ப முழிச்சீங்க?

...

இல்லைங்க, சும்மாதான் பேசிக்கிட்டிருந்தோம். இந்தப் பொண்ணு வெயிலைப் பத்தி ஏதோ கேட்டுச்சு. என்னங்க கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. துண்டால துடைங்க.

...

வேண்டாங்க. அது அந்த மேடைக்கு வேண்டாம். அந்தாளு முன்னாடி உட்கார்ந்திருப்பாருங்க. மனுஷன் கட்சி தோத்தாத் தோத்துட்டுப் போகுது, எத்தனையோ தடவை தோத்திருக்கீங்க. கரடியையே சொல்லுங்க, நான் இன்னும் நல்லா எழுதித் தரேன். ஏங்க, அவளுக்குப் போக்கிடம் இல்லைங்க.

...

பேரு சொல்ல மாட்டீங்களா? அன்னைக்கும் நீங்க பேரு சொல்லலைங்க, ஆனாலும் சனம் அவளை எழுப்பி நிக்க வெச்சுடுச்சே.

...

பார்த்தீங்களா, துண்டை மறுபடியும் மூஞ்சியில போட்டுக்கிட்டாரு. கொஞ்ச நேரம் தூங்கறேன்னு சொல்றாரு. தூங்கலைம்மா. இப்படி எட்டிப் பாருங்க. வாய்கிட்ட துண்டு அசையுது பாருங்க. ஒத்திகை பார்க்கறாரு. இந்நேரம் 'நடுவர் அவர்களே' முடிஞ்சு, 'லாரி போறதுக்குள்ள இவன் போயிட்டான்'கிட்ட வந்திருப்பாரு. நான் சொன்ன அதே வாக்கியம்தான், அதுக்குத்தான் கை தட்டுவாங்க. எனக்கே தெரியுதே, நல்ல பாயிண்ட்டும்மா அது.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க. நான் அவர் பக்கத்துல போய் உட்காரணும். அந்தத் துண்டை முதல்ல எடுக்கணும்.